அருவருப்பு இருந்த இடம்

சட்டைக் காலரில் யாரோ மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை அவர் தட்டிவிடவில்லை, ஒட்டியிருப்பதே தெரியாதவரைப் போல வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்று சிரிக்கிறார், உதட்டோரம் ரசம் காய்ந்து மஞ்சள் கோடாக இழுத்திருக்கிறது, அவருக்குப் பின்னால் முருகன்குறிச்சியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் பூதலிங்கம், தப்புச் செய்தது தான்தான் என்பதுபோலக் கைகளைக் கட்டித் தலையைக் குனிந்து நிற்கிறார். டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க, என்று ஆரம்பித்தார் பூதலிங்கம், ஐயா கடைக்குப் பின்னால எச்சி எல போடுத தொட்டிக்கிட்ட உக்காந்திருந்தாங்க, வழக்கம்போல சோதன போட வந்திருக்காங்கன்னுதான் நானும் பயந்துக்கிட்டே போனேன், கிட்டப் போயிப் பாத்தா எலயில கெடந்தத எடுத்து எடுத்துச் சாப்பிடுதாங்க, யாருகிட்டயும் சொல்லல, பையங்க கண்ணுல படுததுக்குள்ள ஆட்டோவுல ஏத்திக் கூட்டியாந்துட்டேன். ஜெபக்கனிக்கு முதலில் குமட்டிக்கொண்டு வந்தது, பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, அந்த வரிசையை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள், இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்த மனுஷர் எச்சில் தின்று வந்து நிற்கும்போது பயமோ இரக்கமோ அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும், வந்தது குமட்டல், அடிவயிற்றிலிருந்து நாக்கின் வேர்வரை ஏறிய புளித்த தண்ணீர்.

அந்தக் கடையை அவர் இரண்டு முறை பூட்டி சீல் வைத்திருக்கிறார், ஞானசிகாமணி என்றால் மாநகராட்சி எல்லைக்குள் இருந்த எல்லாச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் தெரியும், சுகாதார ஆய்வாளர், சட்னிக்குள் ஈ கிடந்தால் சட்னியை அல்ல, அரைத்த உரலையே தூக்கி வெளியே வைக்கச் சொல்லுகிற ஆள், வெளியில் எங்கும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், பையில் தன் தம்ளர் இருக்கும், வலது பக்கச் சட்டைப்பையில் ஒன்றும் இடதில் ஒன்றுமாக இரண்டு வெள்ளைக் கைக்குட்டைகள் இருக்கும், கிறிஸ்தவக் கோயிலில் இராப்போஜனத் திராட்சரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்கும்போது அவர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபிக்கிறவர்போலக் குனிந்து, உதட்டைத் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு அவள் எப்படி வாய்த்தாள் என்பதில் ஒரு சின்னத் தவறு இருந்தது, பெண் டாக்டர் என்றுதான் தரகர் சொன்னார், ஸ்டெதாஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும்தான் அவர் மனதில் இருந்திருக்கும், ஊருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பிணங்களை அறுத்துப் பாடம் சொல்லித் தருகிற உடற்கூறியல் ஆசிரியை என்பது கல்யாணம் முடிந்த முதல் வாரத்தில்தான் அவருக்கு உறைத்தது. அன்று கல்லூரியிலிருந்து வந்த கையோடு சோற்றைப் பரிமாறுகிறாள், அவர் தட்டைப் பார்க்கிறார், அவள் கையைப் பார்க்கிறார், இது என்ன வாடை ஜெபா, என்று கேட்கிறார், ஃபார்மலின், பிணம் கெடாம இருக்க ஊத்துத மருந்து, சோப்பு போட்டுத்தான் கழுவுனேன், என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து புழக்கடைக்கு ஓடுகிறார், அவர் வாந்தியெடுக்கும் சத்தத்தைக் கேட்டபடி புதுத்தாலியோடு அவள் நிற்கிறாள்.

மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது, அவள் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போவாள், அங்கே அவளுக்கென்றே கட்டிய குளியலறையில் தலையோடு குளிப்பாள், கல்லூரிச் சேலையை அங்கேயே தனி வாளியில் நனைத்துவிட்டு வேறு சேலை கட்டி உள்ளே வருவாள், சமையலுக்கு ஒரு அம்மாள் வந்தாள், ஜெபக்கனி பிசைந்த மாவையோ களைந்த அரிசியையோ அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது, நீ செய்யுதது பெரிய வேலதான் ஜெபா, எனக்குத்தான் கொமட்டுது, நான் என்ன செய்யட்டும், என்று தன்னுடைய குறையைச் சொல்லுகிறவர்போலவே சொல்வார், கட்டில்கூட இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டும் சேர்த்துப் போடப்படும், பிள்ளை பிறக்கவில்லை, தெருவில் நடக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்ததில்லை, பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் எந்தப் புருஷன் பிடித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள், ஆனால் காய்ச்சலில் கிடந்தபோதும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, தெர்மாமீட்டரைத்தான் நீட்டினார்.

அதே கையால் அவள் வருஷா வருஷம் மாணவர்களுக்கு மூளையைத் தூக்கிக் காட்டினாள், ஃபார்மலினில் ஊறி இறுகி, கெட்டித் தயிர்க்கட்டியைப்போல, பழுப்பாக, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு மனுஷர் உள்ளங்கையில் உட்கார்ந்திருப்பார், இதோ நெற்றிக்குப் பின்னால் இருக்கிறதே இது முன்மடல், சபையில் எப்படி நடக்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எதை அடக்கிக்கொள்ள வேண்டும், எல்லாம் இங்கேதான், பின்னால் பிடரி மடல், கண்ணில் விழுவதைப் பார்வையாக்குவது அது, கீழே சிறுமூளை, விழாமல் நடக்கவைப்பது, காதுக்கு உள்பக்கம் பொட்டு மடல், இப்போது முன்மடலையும் பொட்டு மடலையும் இரண்டு உதடுகளைப் பிரிப்பதுபோல விரலால் மெல்லப் பிரியுங்கள், உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறதே அந்த மடிப்பு, அதற்குப் பெயர் இன்சுலா, தீவு என்று பொருள், கெட்டுப்போன பாலை வாயில் வைத்ததும் துப்பச் சொல்வது இது, அருவருப்பு குடியிருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்பாள், மாணவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவாள்.

பூதலிங்கம் கொண்டுவந்து விட்டுப்போன மறுவாரம் ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பியல் மருத்துவர் ஹபீபா ஒருகாலத்தில் அவளிடம் படித்த பெண், படத்தை விளக்குத் திரையில் மாட்டிவிட்டு, நான் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல மேடம், நீங்களே பாருங்க, என்று ஒதுங்கி நின்றாள். பார்த்தாள், முன்மடல் வற்றிப்போய் மடிப்புகளுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது, பொட்டு மடலின் முனை சுருங்கியிருந்தது, இரண்டுக்கும் நடுவே அவள் தேடிய இடத்தில் மெலிந்த ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. மறதி நோய்தானா என்று வெளியே நின்ற உறவுக்காரர் ஒருவர் கேட்க, இல்ல, ஞாபகம் கொஞ்ச நாள் இருக்கும், குணந்தான் முதல்ல போகும், கூச்சம் போகும், அருவருப்பு போகும், அஞ்சாறு வருஷத்துல எல்லாம் போயிரும், என்று ஹபீபா சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஜெபக்கனி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டு கட்டைவிரலைச் சேர்த்துவைத்த அளவுகூட இல்லாத சதை, இதுவா இருபத்துமூன்று வருஷம் என்னைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னது, இதுவா என் கைச் சோற்றைத் தள்ளியது, என்று நினைத்தபோது உள்ளுக்குள் கசப்பான ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, நல்லா அழிஞ்சு போ, என்று அந்தச் சதையைப் பார்த்து அவள் மனசு சொன்னது, அடுத்த நொடியே தன்மேல் அவளுக்கு ஏற்பட்ட அருவருப்பு அன்று இரண்டு முறை குளித்தும் போகவில்லை.

பிறகு வந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, எது முதல் வருஷம் எது மூன்றாம் வருஷம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை, கருப்பட்டியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு மார்பில் ஒழுகவிடுகிறார், அரிசி வாளிக்குள் சிறுநீர் கழிக்கிறார், சமையல் அம்மாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறார், அந்த அம்மாள் அன்றோடு நின்றுவிடுகிறாள், மூக்கைச் சிந்தித் தலையணையில் தேய்க்கிறார், தரையில் சிந்திய கஞ்சியைக் குனிந்து நக்குகிறார், அவள் துடைக்கிறாள், கழுவுகிறாள், கழுவும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்கிறாள், பிணவாடைக்கு ஒருநாளும் சுளிக்காத மூக்கு உயிரோடிருக்கிறவரின் வாடைக்குச் சுளிக்கிறதே என்று வெட்கப்படுகிறாள், வெட்கப்பட்டபடியே சுளிக்கிறாள். ஆனால் அவள் சாயங்காலம் சந்து வழியாகப் பின்பக்கம் வருகிற சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வந்துவிடுவார், அவள் குளிப்பதற்கு முன்னாலேயே, ஃபார்மலின் வாடை அடிக்கும் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார், முகர்ந்து பார்ப்பார், கன்னத்தில் வைத்துக்கொள்வார், ஜெபா ஜெபா என்று சொல்லிச் சிரிப்பார், விளக்கு வைத்து வெகுநேரம் ஆனாலும் விடமாட்டார், இதற்காகத்தானே இருபத்துமூன்று வருஷம் ஏங்கினோம் என்று அவளுக்குத் தெரிகிறது, ஆனால் அந்தக் கை எச்சிலில் ஊறியிருக்கிறது, நகக்கண்ணில் எதன் அழுக்கோ கறுப்பாக அடைந்திருக்கிறது, அவள் உருவிக்கொள்கிறாள், அவர் மறுபடி பிடிக்கிறார்.

பிடிப்பது யார் என்பதுதான் அவளை அரித்தது, சுண்ணாம்பு உதிர்ந்தால் கல் தெரிவதுபோல, அருவருப்பு உதிர்ந்ததும் அடியில் எப்போதும் இருந்த பிரியம் வெளியே வந்திருக்கிறதா, அல்லது எதையாவது பற்றிக்கொள்ளத் தேடுகிற வெறும் கைதானா இது, தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம், ஒருநாள் தன் கையை உருவிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். அவர் அதே மாதிரி சிரித்தார், துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார், ஜெபா என்று சொன்னார், துண்டைப் பார்த்து. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள், பரிசோதனைச் சாலையில் எலியைப் பார்க்கிறவளைப்போலத் தன் புருஷனைப் பார்த்துவிட்டோமே என்று தோன்றியபோது எழுந்து போய் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி கையைக் கொடுத்தாள், துண்டுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடுக்கட்டும் என்று.

நாசரேத்திலிருந்து அவருடைய அக்கா தங்கபாய் மாதம் ஒருமுறை வருவாள், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்று தம்பியைப் பார்ப்பாள், எம் தம்பி பல்லு வெளக்காமப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டான், பொணத்த மோந்த வாடைய நீ கொண்டுவந்து கொண்டுவந்துதான் அவன் மண்டைக்குள்ள ஏறிருச்சு, என்பாள், அது அப்படி வர்றதில்ல மதினி, என்று ஜெபக்கனி சொன்னால், நீ படிச்சவ, சொல்லுவ, என்று முடித்துவிடுவாள், நாகர்கோவில் பக்கம் ஒரு விடுதி இருக்காம், கொண்டுபோயி விட்டுரு, எங்களுக்கும் வெளிய தல காட்ட முடியல, என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு, தம்பிக்குப் பிடிக்கும் என்று கொண்டுவந்த சீனி மிட்டாயைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த நாள் மட்டும் தனியாக நிற்கிறது, மற்ற நாட்களோடு ஒட்டாமல், செய்முறைத் தேர்வு நாள், அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வரவில்லை, வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து காத்திருக்கிறார், வேறு வழியில்லாமல் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள், தன் அறையில் உட்காரவைத்து, உடற்கூறியல் துறை உதவியாளர் முப்பிடாதியைக் காவல் வைத்துவிட்டுத் தேர்வுக் கூடத்துக்குப் போனாள், அம்மா நான் பாத்துக்கிடுதேன், என்றுதான் அவர் சொன்னார், யாரோ ஒரு சாவி கேட்டார்கள், எடுத்துக் கொடுக்கத் திரும்பிய நேரந்தான். அன்றுவரை அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத ஞானசிகாமணி அறுவைக்கூடத்துக்குள் நடந்து போயிருக்கிறார், மேசையில் தேர்வுக்காக மூளையை வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள், அல்வாத் துண்டு என்று நினைத்திருப்பார், இனிப்பு என்றால் அவருக்கு அப்போது உயிர். அங்கே முறைக்குக் காத்திருந்த மாணவர்கள் கூச்சலிட்ட சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது அவர் மென்றுகொண்டிருந்தார், ஒருத்தி சுவரோரம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், பின்னாலேயே வந்த தேர்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயைத் திறங்க, என்றாள், அவர் சிரித்தார், இங்கருங்க, ஜெபா சொல்லுதேன்லா, திறங்க, என்றாள், திறக்கவில்லை, தாடையைப் பிடித்து அழுத்தி, உறையில்லாத கையை உள்ளே விட்டாள், கன்னத்துக்குள்ளிருந்து, நாக்குக்கு அடியிலிருந்து, ஒவ்வொரு துண்டாகத் தோண்டித் தோண்டி எடுத்தாள், அவர் கடித்தார், விரலில் ரத்தம் வந்தது, எச்சிலும் ஃபார்மலினும் ரத்தமும் முழங்கைவரை வழிய அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள், எல்லாம் வந்துவிட்டது என்று நிச்சயமானதும், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கூடத்தில் மண்டியிட்டு வாந்தியெடுத்தாள்.

வாய் முழுக்கப் புண்ணோடு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டார், கல்லூரி முதல்வர் விளக்கம் கேட்டார், தவறு முழுக்க என்னுடையது, முப்பிடாதிக்கு இதில் பங்கில்லை, என்று எழுதிக் கொடுத்தாள், படம் பையன்களின் போனிலிருந்து போனுக்குப் போய் நாசரேத் வரைக்கும் போயிற்று. ஆனால் அவளைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று, அந்த மூளை யாருடையது என்று அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள், பேர் இல்லை, பஸ் நிலையத்தில் இறந்து கிடந்த பெண், வயது ஐம்பது இருக்கலாம், உரிமை கோர யாரும் வரவில்லை, அவ்வளவுதான் எழுதியிருந்தது. தருகிறாயா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை, பத்து வருஷமாக அவளை அறுத்தார்கள், நறுக்கினார்கள், தட்டில் வைத்தார்கள், கடைசியில் என் புருஷன் அவளைத் தின்றார், என்று ஒரு வாக்கியம் ஜெபக்கனியின் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, உணவு நுரையீரலுக்குள் இறங்கிச் சளி கட்டி அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், பகல் பதினொரு மணிக்கு, அவள் கையைப் பிடித்தபடி, அல்லது கைக்குக் கிடைத்த எதையோ பிடித்தபடி. ஹபீபா அரைமணி நேரம் கழித்து அறைக்குள் வந்தாள், தயங்கித் தயங்கி, மேடம், இந்த நேரத்துல கேக்கக் கூடாது, இந்த நோய்ல மூளை கெடைக்குறது ரொம்ப அபூர்வம், ஆராய்ச்சிக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேருக்கு உதவும், முகத்துல ஒண்ணும் தெரியாது, அது உங்களுக்கே தெரியும், நேரம் மட்டும் கொறச்சலா இருக்கு, என்றாள். ஜெபக்கனிக்கு எல்லாம் தெரியும், எங்கே கீறுவார்கள், மண்டையோட்டை எப்படி உயர்த்துவார்கள், அந்த மெலிந்த கோடு நுண்ணோக்கியின் கீழ் எப்படியிருக்கும் என்பதுகூடத் தெரியும், ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், உடலைக் கல்லூரிக்குக் கொடுத்த ஒரு வாத்தியாரைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு அவர் சொன்னது நினைவுக்கு வந்தது, செத்த பெறவு என்னைய மட்டும் அசிங்கப்படுத்திராத ஜெபா, அந்த மருந்துத் தொட்டியில நான் கெடக்க மாட்டேன், என்று, வழக்கம்போலக் கோபமில்லாமல்தான் சொன்னார். அதைச் சொன்னவர் ஐந்து வருஷம் முன்னாலேயே போய்விட்டார், அந்த அருவருப்பு இருந்த இடமே இப்போது இல்லை, யாருடைய சொல்லைக் காப்பாற்றுவது, ஆனால் அந்த அருவருப்போடுதானே அவள் குடும்பம் நடத்தினாள், அது அவரில்லை என்றால் வேறு யாரோடு இருபத்துமூன்று வருஷம் இருந்தாள். வேண்டாம்மா, என்றாள். நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கல மேடம், என்றாள் ஹபீபா. நானும் நெனைக்கல, என்றாள் ஜெபக்கனி.

வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே குளிப்பாட்டினாள், ஒவ்வொரு நகத்தையும் வெட்டி, காதுமடலுக்குப் பின்னால்கூடத் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினாள், தங்கபாய், கல்லறைத் தோட்டத்தில் இருவருக்குமாக அகலமாக இடம் எடுக்கச் சொல்லியிருந்தாள், பாதியில் அவரை வைத்துப் பாதியை ஜெபக்கனிக்கென்று விட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் வேலைக்குப் போனாள், அன்று மூளைப் பாடம், முப்பிடாதி தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார், முன்மடல் என்று ஆரம்பித்தவள் நீட்டிய விரலை இழுத்துக்கொண்டாள், கேட்க ஆள் இல்லாதவர்களின் மூளையை இருபத்தெட்டு வருஷம் கையில் ஏந்திப் பேர் வாங்கியிருக்கிறாள், கேட்டபோது தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், இவர்களெல்லாம் அசிங்கப்படலாம், என் புருஷன் மட்டும் படக் கூடாது, ச்சீ, என்று தன் நாக்கிலேயே ஒரு கசப்பு ஊறியது. வகுப்பை முடிக்காமல் வெளியே வந்து, முப்பிடாதி, உடல்தானப் படிவம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, என்றாள், யாருக்கும்மா, என்றார் அவர், எனக்குத்தான், என்றாள், அவர் போய் எடுத்து வந்து, நெருங்கின சொந்தம் ஒருத்தர் ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்மா, என்று மட்டும் சொன்னார்.

நெருங்கின சொந்தம் என்று தங்கபாயைத் தவிர யாருமில்லை, சனிக்கிழமை நாசரேத்துக்குப் பஸ் ஏறினாள், தங்கபாய் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மேசைமேல் தள்ளி வைத்தாள், உனக்கென்ன பைத்தியமா, தம்பி பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கு, அத விட்டுட்டு அந்தத் தொட்டியில அனாதப் பொணத்தோட கெடக்கப் போறியா, என்றாள். ஆமா மதினி, அவுக சுத்தமாக் கெடக்கட்டும், அதான் அவுகளுக்குப் பிடிக்கும், பக்கத்துல நான் வேண்டாம், என்றாள் ஜெபக்கனி, அவுக கேட்டத நான் செஞ்சிட்டேன், அதுக்காக அவுக மூளைய ஆராய்ச்சிக்குக் கேட்டவங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், அதுக்குப் பதிலா நான் போறேன், இல்லன்னா இனிமே எந்தப் பிள்ளைக்கும் என்னால இத சொல்லிக் குடுக்க முடியாது. தங்கபாய் அவள் தலையைப் பார்த்தாள், முடிய எடுத்துருவாங்களா, என்று கேட்டாள். எடுத்துருவாங்க மதினி. இம்புட்டு முடியவுமா, என்றவள் எழுந்து வந்து, எதற்கென்று தெரியாமல் ஜெபக்கனியின் கொண்டையை அவிழ்த்தாள், விரலை விட்டுச் சிக்கெடுத்தாள், இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் புத்தி தெளிவாக இருக்கும்போது அவளைத் தொடுவது அதுதான் முதல் தடவை, தலையை அறுக்கும்போது வலிக்குமா ஜெபா, என்று தங்கபாய் கேட்டாள், அவளுக்கே அது முட்டாள்தனம் என்று தெரிந்திருக்க வேண்டும், குரல் அப்படி இறங்கியிருந்தது. வலிக்காது மதினி, உயிரோட இருக்கும்போதே மூளையத் தொட்டா மூளைக்கு வலி தெரியாது, என்றாள் ஜெபக்கனி. நல்ல கூத்துதான், ஊரு வலியெல்லாம் அதுக்குத் தெரியுது, என்று சொல்லிவிட்டு, தங்கபாய் கையில் ஒட்டியிருந்த நரைமுடியை உதறி, பேனாவை எடுத்து, சீ, என்ன பொழப்புடி இது, சீ, என்று முனகிக்கொண்டே தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, கோணாமல், முழுசாக எழுதினாள்.